தண்டக் கல் அணை

1957-ஆம் வருஷம் மே மாதம் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. காற்று அறவே இல்லை. கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடமேற்கே, ஆனேக்கல் பக்கம், அடிவானத்தில் ஈயத் தகடு போல ஒரு மேகம் கிடந்தது. உத்தனப்பள்ளிக்கு மேற்கே ஓர் ஓடையில், அரைகுறையாக நின்ற கல்லணையின் மேல் நின்றுகொண்டு, வேலை முடிய இன்னும் எத்தனை கல் வேண்டும் என்று இரண்டாம் தடவையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை அறுநூற்று எண்பது வந்தது. இரண்டாம் தடவையும் அறுநூற்று எண்பதுதான் வந்தது. இரண்டாவது கணக்கிலாவது கொஞ்சம் குறையக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு இளைஞர்கள். நான் ஓய்வு பெற்ற மண்வளப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்கு வந்தார்கள். தடுப்பணை வேலைகளில் 'மக்கள் பங்கேற்பு' வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினால் மூன்று நாளில் அணை எழுந்துவிடுகிறது. ஊர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"அந்தக் காலத்துல ஜனங்க தானா வந்து கட்டினாங்களாமே சார், எப்படி சார் வரவெச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

தானாக வந்தார்களாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் அப்பா மத்திகிரிப் பண்ணையில் பால் அளந்தவர். எண்ணாமல் எதையும் விடக் கூடாது என்பது அவரிடமிருந்து எனக்கு வந்த நோய். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் சேலத்தில் ஆறு மாதம் பயிற்சி. நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கவும், மரத்தின் சுற்றளவு எடுக்கவும், குற்ற அறிக்கை எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். ஜனங்களிடம் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. 1954-இல், மாதம் முப்பத்தைந்து ரூபாய் சம்பளத்தில், ஒரு மலைக் காப்புச் சங்கத்துக்குக் காவலாளாகவும் எழுத்தராகவும் வனத்துறை என்னை அனுப்பியது.

ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை ஒரு மலையும் ஓர் ஏரியும்தான். யுத்த காலத்தில் பெங்களூருக்கு அனுப்பக் கரி சுட்டுச் சுட்டே மலையை மொட்டையாக்கியிருந்தார்கள். மழை பெய்தால் சரிவின் மண் அப்படியே ஓடையில் இறங்கி ஏரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏரியில் பாதிக்கு மேல் மண். நெல் விளைந்த வயல்களில் கேழ்வரகு போட்டார்கள். அதுவும் மழையை நம்பித்தான். மூன்று வருஷம் மலையை மூடிக் காத்து, ஓடையில் மண் இறங்குவதை நிறுத்திக் காட்டினால் மலை சங்கத்திடமே இருக்கும், இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் மரத்தையும் கூப்பு ஏலம் விட்டு வெட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வனத்துறை சொல்லியிருந்தது. கெடு, 1957 ஜூன்.

சங்கத்தின் தலைவர் திம்மராயப்பா. அறுபது வயது, ஒல்லியான மனிதர். கூட்டத்தில் உட்காரவே மாட்டார். அவர் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்காருவது? அதனால் கூட்டங்கள் சீக்கிரம் முடியும். மாட்டோடு கன்னடம் பேசுவார், வீட்டில் தெலுங்கு, சட்டம் பேசும்போது மட்டும் தமிழ். அவர் தமிழுக்கு மாறினால் எதிரில் நிற்பவனுக்கு வியர்த்துவிடும்.

அபராதத்தைப் பணமாக வாங்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே அவர் சொல்லிவிட்டார். "பணம் வாங்கினா, இருக்கறவன் கட்டிட்டு வெட்டுவான். இல்லாதவன் அபராதம் கட்டறதுக்கே இன்னொரு மரத்த வெட்டுவான்" என்றார். பணத்துக்குப் பதில் கல் என்று முடிவாயிற்று.

முறை இதுதான். மலையில் வெட்டிப் பிடிபட்டவர் ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் கூட்டத்தின் முன் நிற்க வேண்டும். தலைவர் மூன்று கேள்விகள் கேட்பார். எந்த மரம்? பச்சையா, காய்ந்ததா? எதற்கு? மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் தண்டனை மாறாது. இருந்தாலும் கேட்காமல் விடமாட்டார். காய்ந்த விறகுக் கட்டுக்கு இருபது கல், பச்சைக் கிளைக்கு ஐம்பது, அடிமரத்துக்கு இருநூறு. இரண்டு கையாலும் தூக்குகிற அளவுக் கல்லாக இருக்க வேண்டும். குற்றம் செய்தவரே சரிவில் பொறுக்கி, தானே சுமந்துவந்து, ஓடைக்குக் குறுக்கே அடுக்க வேண்டும். ஆள் வைக்கக் கூடாது, வண்டி கட்டக் கூடாது. நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். வைத்த பிறகு ஆடுகிற கல்லைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இந்தக் கற்களுக்கு ஊரில் தண்டக் கல் என்று பெயர் விழுந்தது.

இந்த விதி எல்லாருக்கும் ஒன்றுதானா என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வருஷக் கடைசியில் அதற்குப் பதில் கிடைத்தது. ராயக்கோட்டையில் பட்டை மண்டி வைத்திருந்தவர் கரீம் சாயபு. ஆவாரம்பட்டையை வாங்கித் தோல் பதனிடும் ஊர்களுக்கு அனுப்புவார். எங்கள் மலையில் உரித்த பட்டை இரண்டு மூட்டை அவருடைய மண்டியில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். உரித்தது யார் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.

"வாங்கினது நானு. என்கிட்டயே வசூல் பண்ணிக்குங்க" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டையோடும் தொப்பியோடும் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்.

"எந்த மரம்?" என்றார் தலைவர்.

"மரமில்லீங்க, செடி. ஆவாரை."

"பச்சையா, காய்ஞ்சதா?"

"வாங்கறப்ப பச்சை. இப்ப காய்ஞ்சிடுச்சு. எதுன்னு வெச்சுக்கறது உங்க இஷ்டம்."

"எதுக்கு?"

"யாவாரந்தாங்க. பின்ன கொழம்பு வெக்கவா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. மூட்டைக்கு ஐம்பதாக நூறு கல் என்றார். சாயபு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நூறையும் சுமந்தார். ஆடிய கல் மூன்று. அவற்றுக்குப் பதிலாக வேறு மூன்று கொண்டுவந்தார். அதற்குப் பிறகு சந்தையில் அவரைக் 'கல்லு பாய்' என்று கூப்பிட்டார்கள்.

அவருக்கே அந்தக் கதி என்றதும் மற்றவர்களுக்குப் பயம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பயம் மானப் பிரச்சினையாக மாறியது. பெண் கொடுக்க வந்தவர்கள், "பையன் ஓடையில கல்லு வெச்சிருக்கானா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் வருஷத்தில் மலைக்கு அரிவாளோடு போகிறவர் ஒருவரும் இல்லை. துரிஞ்சியும் வேலமும் அடியிலிருந்து தழைத்தன. நான் மாதாமாதம் வனத்துறையின் ரேஞ்சு அலுவலகத்துக்குக் 'குற்றம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் ஒருநாள் அணையைச் சுற்றி வந்தபோதுதான் நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. குற்றவாளிகள் எல்லாரும் சுலபமான இடமான நடு ஓடையிலேயே கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நடுப்பகுதி இடுப்பளவுக்கு உயர்ந்து நின்றது. இரண்டு ஓரமும் முழங்காலுக்குக் கீழே. ஓடை அணையில் இது நேர்மாறாக இருக்க வேண்டும். ஓரங்கள் கரைக்குள் புதைந்து உயர்ந்திருந்தால்தான் வெள்ளம் நடுவில் ஏறி வழியும். ஓரம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு போகும். போகும்போது கரையை அறுக்கும். வலது கரையை ஒட்டிப் பன்னிரண்டு ஏக்கர் கேழ்வரகு நிலம் இருந்தது. ஒரு பெரிய மழை வந்தால் அந்த நிலம் ஏரிக்குள் போய்விடும். அணையே இல்லாதிருந்தால் இவ்வளவு மண் போகாது. ஜூனில் அதிகாரி வந்து பார்ப்பார், மலை ஏலத்துக்குப் போகும்.

ஓரங்களை உயர்த்தக் கல் வேண்டும். கல் சரிவு முழுக்கக் கிடந்தது. தூக்கத்தான் ஆள் இல்லை.

வீடு வீடாகப் போனேன். "நான் என்னத்தப்பா வெட்டினேன், என்னைக் கூப்படறே?" என்றார்கள். மரியாதையான குடும்பத்துப் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். சங்கத்தின் கையிருப்பு பதினோரு ரூபாய். அதைக் கூலியாகத் தருகிறேன் என்றேன். "கூலிக்குத் தூக்கினேன்னு கல்லு மேல எழுதியா ஒட்டுவே? பாக்கறவன் என்ன நெனப்பான்?" என்று ஒருவன் கேட்டான்.

தலைவரிடம் போனேன். "தண்டம்னு பேர் வெச்சது நாமதான்" என்றார் அவர். "குத்தம் பண்ணாதவன் கையில கல்லக் குடுத்தா, நாளைக்குக் குத்தம் பண்ணவன், நான் மட்டும் ஏன் தண்டமாத் தூக்கணும்னு கேப்பான். தப்பு இல்லாம கல்லு கெடையாது."

"மழை வந்தா என்னங்கய்யா பண்றது?"

"வரும்" என்றார். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஓடைக்கு வந்து வலது கரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மே 26 அன்று மேகத்தைப் பார்த்ததும் நான் முடிவுக்கு வந்தேன். கூட்டம் எட்டு மணிக்கு. அதற்கு முன் மேல் சரிவுக்குப் போய், துரிஞ்சி மரத்தில் மணிக்கட்டுத் தடிமனுள்ள ஒரு பச்சைக் கிளையைத் தேர்ந்தெடுத்து வெட்டினேன். ஏழு வெட்டு. எனக்குக் கொடுவாள் பிடித்துப் பழக்கமில்லை. இலையோடும் தழையோடும் அதை இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் போட்டேன்.

தலைவர் கிளையைப் பார்த்தார், என் கையில் இருந்த கொடுவாளைப் பார்த்தார்.

"ஏமிரா, பிச்சி பட்டிந்தா?" என்றார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தெலுங்கில் கேட்டார். பிறகு தமிழுக்கு மாறினார். "எந்த மரம்?"

"துரிஞ்சிங்க."

"பச்சையா, காய்ஞ்சதா?"

"பச்சை."

"எதுக்கு?"

"கல்லு வேணும்னு."

அவர் மேகத்தைப் பார்த்தார். "காவக்காரனே வெட்டினா எத்தனைன்னு நம்ம விதியில இல்ல. கிளைக்கு அம்பது. காவல்ல இருந்துகிட்டு வெட்டினதுக்கு நூத்தம்பது. இருநூறு கல்லு. ஓரத்துல வை" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் தூக்க ஆரம்பித்தேன். கூட்டம் கலையவில்லை, வேடிக்கை பார்த்தது. ஒருவன் என்னோடு சேர்ந்து சத்தமாக எண்ணினான். பதினேழாவது கல் கை நழுவி என் இடது கால் பெருவிரலில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் சாக்கம்மா ஒருத்திதான்.

சாக்கம்மா விறகு விற்றுப் பிழைத்தவள், கணவன் இல்லாதவள். ஊரிலேயே அதிகமாகத் தண்டக் கல் சுமந்தவள் அவள்; என் கணக்கில் முந்நூற்று நாற்பது. மூன்றாம் வருஷம் விறகை விட்டுவிட்டுக் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"கார்டு தம்பி, பச்சக் கொழந்தயத் தூக்கற மாதிரி கையில ஏந்தாதே. வயித்தோட அணைச்சுத் தூக்கு. இந்தக் கட்டுல முக்காவாசி என் கல்லு. நீ வந்து கெடுத்துத் தொலைக்காதே."

முக்கால்வாசி இல்லை, ஆறில் ஒரு பங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தலைவர் பக்கம் திரும்பிவிட்டாள். "அண்ணா, எனக்கும் போடு."

"நீ என்ன வெட்டினே?"

"இப்ப இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்ன, மாரியம்மன் பண்டிகை சமயம். மேல் சரிவுல வேலமரம், அடியோட. தம்பி அன்னிக்கு ஜொரத்துல படுத்திருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்டே? நீ கேக்கறதே மூணு கேள்வி. புடிபடாம எத்தன வெட்டினேன்னு அதுல ஒண்ணு இல்லியே!"

தலைவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "இருநூறு" என்றார். "நீ எடது ஓரம்."

அவள் முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தாள். "என்ன நஞ்சப்பா, பல்ல இளிக்கறே? உன் ஏர்க்கால் எந்த மலையில மொளச்சுது?"

"அது எங்கப்பன் காலத்து ஏர்க்கால்" என்றான் நஞ்சப்பன். வலது கரையில் இருந்த பன்னிரண்டு ஏக்கரில் நாலு அவனுடையது.

"உங்கப்பன் செத்து எட்டு வருசம். ஏர்க்கால்ல பச்ச வாசன இன்னும் போகலியே!"

இந்தத் தடவை சிரிப்பு அவன்மேல் விழுந்தது. "சரி சரி, ஊரக் கூட்டாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் வந்தான். "அடிமரந்தாங்க. போட்டுக்குங்க." அவனுக்கும் இருநூறு. பிறகு சாக்கம்மா ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் வாயாலேயே நுழைந்தாள். ஒருவருடைய நுகத்தடி, ஒருவருடைய கட்டில் கால், இன்னொருவர் மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் கால். எல்லாம் எங்கள் மலைதான். ஒருவர் பின் ஒருவராக வந்து மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுச் சரிவில் ஏறினார்கள்.

எனக்கு ஒவ்வொரு பதிலும் கன்னத்தில் அறைவது போல இருந்தது. மூன்று வருஷத்தில் தொண்ணூற்றொரு குற்றம் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அந்த ஒரு காலையில் மட்டும் நான் அறியாத குற்றங்கள் முப்பத்தெட்டு வெளியே வந்தன. நான் பெருமைப்பட்டு அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் பொய்க் கணக்கு.

எங்கள் தபால்காரரும் வரிசையில் வந்து நின்றார். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். "எந்த மரம்?" என்றதும் விழித்தார். "பச்சையா ஒரு மரமுங்க" என்றார்.

"பொய் சொல்றவருக்குக் கல்லு கெடையாது" என்று தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தபால்காரர் மனத்தாங்கலோடு போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார்.

மறுநாள் திங்கட்கிழமை ராயக்கோட்டையிலிருந்து கரீம் சாயபு வந்து இறங்கினார். "பழைய பாக்கி வாங்கறீங்களாமே? அன்னிக்கு மண்டியில ரெண்டு மூட்டைதான் தம்பி பாத்தாரு. அதுக்கு முன்னால லாரியில போனது அஞ்சு" என்றார். சட்டையைக் கழற்றி, பழைய இடத்திலேயே மடித்து வைத்தார்.

கல்லுக்குப் பஞ்சம் தீர்ந்தது. இப்போது கரையைத் தோண்டி ஓரங்களை உள்ளே புதைக்கும் வேலை. நஞ்சப்பன் தன் நிலத்து ஓரத்தையே நாலு முழம் வெட்டிக் கொடுத்தான். இரண்டு ஓரமும் மார்பளவுக்கு ஏறின. நான் என் இருநூறையும் முடித்தேன். கால் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. திங்கள் மாலை எண்ணியபோது, ஆடிய கல் நீங்கலாக, எழுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. பாக்கி இருந்தவர்கள் மழைக்குப் பிறகு தந்தார்கள்; யாரும் ஏமாற்றவில்லை.

செவ்வாய் பிற்பகல் நாலு மணிக்கு மழை வந்தது. முதலில் புழுதி வாசனை, பிறகு ஆலங்கட்டி, பிறகு எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மழை. ஒரு மணி நேரத்தில் மேலே பாறைகள் உருளும் சத்தம் கேட்டது. தலைவர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வலது கரையில் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் முப்பது, நாற்பது பேர் நின்றோம். வெள்ளம் அணையில் முட்டி, சுழன்று, இரண்டு பக்கமும் வழி தேடியது. வலது ஓரத்தில் நுரை ஏறிக்கொண்டே வந்தது. நஞ்சப்பன் என் தோளைப் பிடித்திருந்தான். நுரை மேல் வரிசைக் கல்லைத் தொட்டது, நின்றது. பிறகு நடுவில் தண்ணீர் மடித்த துணியைப் போல அணையின் மேல் ஏறி, அந்தப் பக்கம் விழுந்தது.

யாரோ கத்தினார்கள். தலைவர் கத்தவில்லை. மெதுவாக இறங்கிப் போய், அணைக்குக் கீழே விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்தி, விரலிடுக்கில் வழிய விட்டு, உள்ளங்கையில் என்ன தங்குகிறது என்று பார்த்தார். மழையில் கையை என் பக்கம் நீட்டினார். ஒரு சிட்டிகை மண் இருந்தது. போன வருஷம் அதே கையில் ஒரு கைப்பிடி சேறு தங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

"சாக்கம்மா எங்கே?" என்றார்.

"இங்கதான் இருக்கேன். என் கல்லு ஒண்ணுகூட அசையல, பாத்தியா?" என்று இடது கரையிலிருந்து சத்தம் வந்தது.

ஜூனில் அதிகாரி வந்தார். அணைக்கு மேல் தேங்கியிருந்த மண்ணில் கோலை இறக்கி அளந்தார், மலையை இரண்டு நாள் சுற்றினார். மலை சங்கத்திடமே இருக்கலாம் என்று எழுதினார். ஏலம் நின்றது.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. நடப்பு மாதத்துக் குற்றம் எதுவானாலும் அது ரேஞ்சு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பழைய குற்றங்களுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதனால் ஊர்க்காரர்களுடையது போகவில்லை. என்னுடையது மே மாதக் குற்றம்.

"எழுத வேணாம்னு சொன்னா கேப்பியா?" என்று தலைவர் கேட்டிருந்தார்.

"மாட்டேங்க."

"தெரியும்" என்றார். "அதனாலதான் எழுதாதேன்னு உன்கிட்ட சொல்லல."

அதிகாரி என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். என்ன நடந்தது என்று எல்லாரும் அவருக்குச் சொன்னார்கள். சாக்கம்மா மிகவும் சத்தமாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா. காவலாளே பச்சை மரத்தில் கை வைத்ததாக அவர் கையெழுத்திலேயே இருக்கிறதே, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

இளைஞர்கள் இதில் எதைக் கையேட்டில் போடுவார்களோ எனக்குத் தெரியாது. கேட்டார்கள், எழுதிவிட்டேன். அப்போது நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. எனவே ஜனங்களை வரவழைக்க எனக்கு ஆன செலவின் கணக்கும் அதிலேயே இருக்கிறது. துரிஞ்சிக் கிளையின் விலை ஒரு ரூபாய் ஐம்பது. வனத்துக்கு இழப்பீடு பத்து ரூபாய். தண்டனையாக அதிகாரி பிடித்துக்கொண்ட ஒரு மாதச் சம்பளம் முப்பத்தைந்து. கால் விரலுக்குக் களிம்பும் துணியும் அறுபத்திரண்டு நயா பைசா. ஆக மொத்தம் நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டு நயா பைசா.